அரைக் கிலோவின் விலை

வளைந்து கீழிறங்கும் கைப்பிடியும், இலேசான ஃபிரேமும், 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலத்தில் காற்றை இறுக அடைத்த டயரும் கொண்ட 'ரோடு பைக்' என்னும் விரைவு மிதிவண்டியை முதன்முறையாக வாங்க முனையும் வடசென்னை இளைஞர், அதன் எடையில் அரைக் கிலோ குறைய எத்தனை ஆயிரம் கூடும் என்று கணக்கிடுவாரே தவிர, கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையின் பள்ளங்கள் அந்த டயரை எப்படி வரவேற்கும் என்று யோசிப்பதில்லை. மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் இல்லாமல் வருவதற்கே கூடுதல் விலை கேட்கும் இவ்வண்டியை, காசிமேட்டில் மீன்கூடை கட்டிய பழைய ஹெர்குலிஸ் சற்று இரக்கத்தோடுதான் கடந்துபோகும். (இத்தனைக்கும் 1949-இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் வளர்ந்த டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸையும், பின்னாளில் மான்ட்ரா என்ற பெயரில் ரோடு பைக்கையும் விற்றது. நிறுவனம் ஒன்று, முதுகுவலி இரண்டு.) திருவொற்றியூர்க் கடற்காற்றோ விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை, எந்தச் செயினையும் பாரபட்சமின்றித் துருவேற்றும். முதல் வண்டிக்கு, உயரத்துக்குப் பொருந்தும் அலுமினிய ஃபிரேமும், 32 மில்லிமீட்டர் டயர் நுழையும் இடைவெளியும் போதும்; மிச்சப் பணத்தில் பூட்டும், விளக்கும், பம்பும், செயின் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம்.