பேசும் போனுக்கு நெட் ஏன் வரவில்லை?

கேள்வி: அப்பாவின் பட்டன் போனில் பிஎஸ்என்எல் சிம். பேச முடிகிறது, ரீசார்ஜும் இருக்கிறது. நெட் மட்டும் வர மறுக்கிறதே? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: பேச்சுக்கு வாசல் திறந்திருக்கிறது. நெட்டுக்கு எந்த வாசல் என்று அந்தப் போனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, பாவம்! அந்த வாசலின் பெயர்தான் ஏபிஎன். செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன் பகுதியில் அதற்கொரு கட்டம் இருக்கும். அதில் ‘பிஎஸ்என்எல்நெட்’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். ‘எஸ்’ வேண்டுமென்றால் 7-ஐ நான்கு தடவை அமுக்க வேண்டும். முழுப் பெயருக்கும் மொத்தம் 16 அமுக்கல். அவசரப்பட்டால் ‘எஸ்’ ‘ஆர்’ ஆகிவிடும், வாசலும் மாறிவிடும். யூசர்நேம், பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள். சேமித்ததும் அதையே டீஃபால்ட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு போனை அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள்.

அப்போதும் அசையவில்லையா? சிம்மில் டேட்டா சேவையே நிறுத்தப்பட்டிருக்கலாம். ‘ஸ்டார்ட்’ என்று ஆங்கிலத்தில் 1925-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

2ஜி போன் என்றால் வீடியோவுக்கு ஆசைப்படாதீர்கள். எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் நிதானமாக வரும். அப்பா செய்தி படிக்க அது தாராளம்.