சார்ஜ் ஏறும் வரை சற்றுப் பேசலாம்

எங்கள் ஊருக்கு மின்சாரக் கார் சார்ஜிங் ஸ்டேஷன் வந்துவிட்டது. இனி மின்சாரக் கார் வர வேண்டியதுதான் பாக்கி.

ஊர் முழுக்கத் தேடினாலும் பச்சை நம்பர் பிளேட் மாட்டிய கார் ஒன்றுகூடக் கிடைக்காது. இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலும் சலூனிலும் இப்போது இதே பேச்சுதான். அதிகம் பேசுகிறவன் நான். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். உதைத்தால் கிளம்பும், கிளம்பாவிட்டால் தள்ளலாம். ஆனால் கிலோவாட், ஆம்பியர், சிசிஎஸ்-2 என்று நான் அடுக்குவதைக் கேட்கிறவர்கள், இவர் வீட்டு வாசலில் நாலு கார் நிற்கும் என்று நம்பிவிடுவார்கள். என் மனைவி மட்டும் நம்ப மாட்டாள்.

இந்த ஞானம் மகன் வழியாக வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவன், போன பொங்கலுக்கு மின்சாரக் காரில் வந்து இறங்கினான். "பெட்ரோல் செலவே இல்லப்பா" என்றான். பிள்ளை மிச்சம் பிடிக்கிறானே என்று பூரித்துப் போனேன். யார் வீட்டு மீட்டரில் மிச்சம் பிடிக்கப் போகிறான் என்று அப்போது தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் 15 ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்றுதான். சமையலறையில், கிரைண்டருக்கு என்று வைத்தது. காரை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, கம்பி வழியே ஒயரை உள்ளே விட்டு மாட்டினோம். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. போனைத் தடவிப் பார்த்துவிட்டு மகன் சொன்னான்: "அப்பா, நம்ம வீட்டுல எர்த்தே இல்லப்பா."

நான் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் இத்தனை வருஷமாக வாய் திறக்காமல் ஓடியவை. பிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுள்ளென்று இழுப்பதை, "ஜில்லுனு இருக்குல்ல, அதான்" என்று சொல்லிச் சமாளித்து வைத்திருந்தேன். எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜர் மின்சாரத்தை எடுக்கவே எடுக்காது. வந்த அன்றைக்கே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் பைப்பை இறக்கினார். உப்பு போதவில்லை என்றார். உற்சாகத்தில் நான் சமையலறைக்குள் போய், மாங்காய் ஊறுகாய்க்கு எடுத்து வைத்திருந்த கல்லுப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொல்லைக்கு எர்த் கிடைத்தது. எனக்கு அந்த வருஷம் ஊறுகாய் கிடைக்கவில்லை.

அடுத்தது கணக்கு. வீட்டு பிளக்கில் மணிக்கு மூன்றேகால் யூனிட் ஏறும். மகனுடைய காரின் பேட்டரி 40 யூனிட் பிடிக்கும். காலியான வண்டி நிரம்பப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிரைண்டர் ஓட முடியாது. மாவு அரைத்தால்தான் மகன் சாப்பிடுவான். சார்ஜ் ஏறினால்தான் ஊருக்குப் போவான். "அவன் போறதுக்கு என்ன அவசரம்?" என்று சொல்லி மனைவி கார் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கிரைண்டரை மாட்டினாள்.

பொங்கல் முடிந்தது. மகன் போனான். கரண்ட் பில் வந்தது.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது தமிழ்நாட்டுக் குடும்பத் தலைவன் தாண்டக் கூடாத கோடு. தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் எரித்ததற்கும் சேர்த்து விலை கூடும். ஆளில்லாத அறையில் விசிறியை அணைப்பதற்காகவே பிறவி எடுத்தவன் நான். அந்த பில்லைப் பார்த்த கணத்தில்தான், ஊருக்கு ஒரு பொது சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டும் என்ற சமூக அக்கறை எனக்குள் பொங்கி எழுந்தது.

தேடிப் படித்ததில் நிறையத் தெரிந்தது. நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷனாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. காருக்கு சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அது சேவை, அதற்குத் தனி உரிமம் வேண்டாம் என்பதையும் அதே ஆண்டில் தெளிவுபடுத்திவிட்டார்கள். இதைச் சலூனில் ஆரம்பித்து ரேஷன் கடை வரிசை வரை எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல்காரர் வாசலில் இடம் கொடுக்க, ஒரு கம்பெனி வந்து 60 கிலோவாட் மெஷினை நட்டது. என் முயற்சியால் வந்தது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஹோட்டல்காரருக்கு நான் யார் என்றே தெரியாது.

திறப்பு விழாவுக்கு ஒரு கார் வேண்டுமே என்று பக்கத்து டவுனிலிருந்து ஒன்றை வரவழைத்தார்கள். மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. மெஷினுக்குக் கற்பூரம் காட்ட பூசாரி நெருங்கியபோது டெக்னீஷியன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "பெட்ரோலா இருந்தா பயப்படணும், இதுக்கு என்னப்பா?" என்று கேட்டார் பூசாரி. டெக்னீஷியனுக்குப் பதில் வரவில்லை.

நானும் நாலு வார்த்தை பேசினேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். உலகத்தில் அப்போது பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வழியில் வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி வண்டியில் ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடைக்கு இன்றும் பெயர். "ஆகவே பெரிய பயணங்களைச் சின்ன ஊர்கள்தான் காப்பாற்றுகின்றன" என்று முடித்தேன். கூட்டம் அதற்குள் போண்டாவுக்குப் போயிருந்தது. முழுசாகக் கேட்டவள் மனைவி ஒருத்தி. வீட்டுக்கு வரும் வழியில், "புருஷன்கிட்ட சொல்லாம அம்மா வீட்டுக்குப் போனாங்களே, அந்த அம்மா பேரு என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுநாள் பால்காரர் தன் மின்சார ஸ்கூட்டரோடு வந்தார். காருக்கான கன் ஸ்கூட்டரில் நுழையாது. ஒரு பாட்டி செல்போனைக் கொண்டுவந்து நீட்டினார். அதற்கும் நுழையாது. இரண்டு பேருக்கும் விளக்கம் சொல்லி அனுப்பியவன் நான்.

பிறகுதான் வெளியூர்க் கார்கள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊர் திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது. நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்னால் எல்லா பஸ்ஸும் ஊருக்குள் வந்து டீ குடித்துவிட்டுத்தான் போகும். சாலை வந்ததும், ஊர்ப் பெயரைக்கூட முழுதாகப் படிக்காமல் எல்லோரும் பறந்துவிட்டார்கள். இப்போது மின்சாரம் அவர்களைப் பிடித்து ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறது. காத்திருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எங்களுக்கோ காத்திருப்பதைத் தவிர வேறு எதுவுமே தெரியாது. அதனால் உதவிக்குப் போகிறேன்.

வருகிறவர்களுக்கு முதல் தொல்லை ஆப். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. அதை இறக்கி, ஓடிபி வாங்கி, வாலட்டில் பணம் போட்டு, க்யூஆர் கோடைக் காட்டினால்தான் மெஷின் கண் திறக்கும். அடுத்த சந்தேகம், 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறதே, ஏன் அவ்வளவு ஏறவில்லை என்பது. மெஷின் கொடுக்கத் தயார்தான். எவ்வளவு வாங்குவது என்பது வண்டியின் முடிவு. மூன்றாவது, 80 சதவீதத்துக்கு மேல் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்ற கேள்வி. பேட்டரி நிறைய நிறைய, செல்கள் கெடாமல் இருக்க மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பந்தியில் சாம்பார் சாதம் இறங்குகிற வேகத்தில் மோர் சாதம் இறங்குமா என்று கேட்பேன். பொறியாளர்கள்கூடத் தலையாட்டியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனால் உண்மையில் பிழைத்தது கொய்யாப்பழம் விற்கும் அக்காதான். அவர் கிலோவாட் எதையும் படிக்கவில்லை. வெள்ளை பிளேட் என்றால் கூடையோடு ஓட வேண்டும், பச்சை பிளேட் என்றால் நடந்தே போகலாம் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பழம் கூறு போட்டு, உப்பு மிளகாய்த்தூள் தூவி, கார் கதவுக்கே கொண்டுபோகிறார். நான் படித்ததற்கெல்லாம் இதுவரை வந்த வருமானம், அவர் இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு பழம்.

"கார் இல்லாத மனுஷனுக்கு அங்க என்னங்க வேலை?" என்கிறாள் மனைவி. வெயில் நேரத்தில் நான் வீட்டில் இல்லாததால் விசிறி ஓடுவதில்லை, 500 யூனிட்டுக்குள் அடங்குகிறோம் என்றேன். அதன்பிறகு அவளே செருப்பை எடுத்து வைக்கிறாள்.

இந்தப் பக்கமாக மின்சாரக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பை வீட்டிலேயே இறக்கி, பணம் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பேட்டரி 20 சதவீதம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று காலைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கொய்யா வாங்குங்கள். 80 ஆனதும் கன்னைக் கழற்றி, அடுத்தவருக்கு இடம் விடுங்கள். என்னிடம் சந்தேகம் எதுவும் கேட்க வேண்டாம். நான் சொல்லி முடிப்பதற்குள் 100 ஆகிவிடும்.