தோளைப் பூட்டிச் சாவியைத் தொலைப்பது எப்படி?

பொங்கலுக்கு மின்விசிறி துடைக்கப் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, வலது தோள் தரையில் மோத விழுந்துவிட்டீர்களா? பாதி வேலை முடிந்தது. மீதியைக் கவனமாகச் செய்யுங்கள்.

1. “சுளுக்குதான்” என்று அறிவியுங்கள். உருவிவிடத் தெரிந்த பெரியப்பாவைக் கூப்பிடுங்கள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை உடைந்து கிடக்கையில் நல்லெண்ணெய் போட்டு இழுத்தால், ஒட்டிக்கொண்டிருந்த துண்டும் விலகும். சில நாளில் நீலம் முழங்கை வரை இறங்கும். “கெட்ட ரத்தம் வெளியேறுது” என்று மகிழுங்கள்.

2. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்பார்கள். பால் காபி சாப்பாடா என்ன? குடியுங்கள். மயக்க மருந்து டாக்டர் கேட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு “பச்சைத் தண்ணி படலை” என்று சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள். பாவம், டாக்டர் பயந்துவிடுவார்.

3. கண் விழிக்கும்போது கை மரத்திருக்கும். நரம்பருகே போட்ட ஊசியின் வேலை அது. அது தெளியுமுன் மாத்திரை போடச் சொல்லுவார் நர்ஸ். வலிக்காதபோது எதற்கு? நள்ளிரவு வரை பொறுங்கள். பிறகு வார்டே உங்களை அறிந்துகொள்ளும்.

4. வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டுங்கள். பிளேட் எவ்வளவு, ஸ்க்ரூ எவ்வளவு என்று விலையோடு சொல்லுங்கள். இந்த முறிவைத் தலை, இரண்டு முண்டு, தண்டு என நான்கு பகுதியாகப் பார்க்கும் முறையை 1970இல் வகுத்தவர் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க மருத்துவர். உங்களுடையது இரண்டு துண்டுதான் என்றாலும் நான்கு என்றே சொல்லுங்கள். வந்தவர்கள் பஸ் செலவு செய்து வந்திருக்கிறார்கள்.

5. எலும்பு கூடுகிற பொறுப்பை ஆட்டுக்கால் சூப்பிடம் ஒப்படையுங்கள். அந்த ஆட்டுக்கே அந்தக் கால் உதவவில்லையே என்று யோசிக்காதீர்கள். சூப் குடித்த களைப்புக்கு ஒரு சிகரெட். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் அதற்கு நிகரில்லை.

6. ஈஸிசேரில் சாய்ந்து தூங்கினால் வலி குறையும். ஆகவே மல்லாந்து படுங்கள்.

7. இதுதான் முக்கியமான படி. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல் ஆட்டவேண்டும், பிறகு சுவரில் விரல்களால் ஏறவேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் படம் போட்டுத் தாள் தருவார். பத்திரமாக அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஸ்லிங்கை விட்டுக் கையை எடுக்காதீர்கள், விரலைக்கூட மடக்காதீர்கள். பிசியோ வரும் நாளில் மட்டும் தலைவலி வரட்டும். “ஆட்டினா ஸ்க்ரூ கழண்டுடும்” என்று சொல்லும் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவரை நம்புங்கள், அவர் பீஸ் கேட்பதில்லை.

8. மூன்றாம் மாதம் டாக்டர் கையைத் தூக்கச் சொல்வார். தோளைக் காதுவரை ஏற்றி, இடுப்பைச் சாய்த்து, முகத்தால் தூக்குங்கள். கை மார்போடு நின்றுவிடும். தலை சீவச் சீப்பைக் கொண்டுபோக முடியாது. தலையைச் சீப்பிடம் கொண்டுவாருங்கள்.

9. “பயிற்சித் தாள் எங்கே?” என்று டாக்டர் கோபிப்பார். மேல்தட்டில்தான் இருக்கிறது. கை எட்டாது. அந்த ஸ்டூலை இன்னும் தூக்கிப் போடவில்லையே?