துருவதிகாரம்

பல வருஷமாக எடுக்காமல் கிடக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா, கூடாதா என்று ஆராய்வது இந்நூல். வழங்கும் எல்லை கோட்டையூரும் அதைச் சுற்றிய செட்டிநாடும். கேட்போர், கையில் கொஞ்சம் காசு சேர்த்துவிட்டு வீட்டில் இன்னும் வாயைத் திறக்காதவர்கள்.

கோட்டையூரில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போவது என்று முதலிலேயே ஒரு தடை எழும். விடை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த 948 சிசி வண்டி. நாலு பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிற வண்டி எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்பாரும் உளர். இங்கிலாந்தில் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், இரண்டே சீட்டு உள்ள அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதன் சேஸ், ஹெரால்டின் சேஸைக் குட்டையாக்கிச் செய்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி. ஆகவே ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்குப் பங்காளி முறை. பங்காளிக்குரிய பெருமையும் வம்பும் இதற்கும் உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே சீறியிருக்கின்றன. மறுப்பு முடிந்தது.

வேகத்தின் மேல் ஆசை இந்த ஊருக்குப் பொருந்துமா என்ற ஐயமும் வேண்டாம். 1909-ல் இங்கே பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனை ஒட்டிய கிராய்டனில் விமானம் ஓட்டப் பழகி உரிமம் வாங்கியவர்.

இனி வகை. கார் பாழாகும் விதம் நான்கு: உறக்கம், வழக்கு, உழைப்பு, ஒப்பனை. கோழி அடைதலை ஐந்தாவதாகக் கொள்வாரும் உண்டு. அது உறக்கத்துள் அடங்கும்.

உறக்கமாவது, ஐயா காலமானதோடு ஷெட்டில் நின்றுபோனது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசலும் மறுதெருவில் கொல்லையும் உடையது. அந்தக் கொல்லைப் பக்கம் தகரக் கதவுக்குப் பின்னால் இது கிடக்கும். நாலு டயரும் தரையோடு படிந்திருக்கும். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கும், பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், வயரெல்லாம் எலி கடித்துத் தும்பாகியிருக்கும். பார்க்கிறவனுக்குக் கண்ணீர் வரும். ஆனால் நான்கிலும் கைவைக்கத் தக்கது இதுவே. காரணம், இதில் யாரும் கைவைக்கவில்லை.

உழைப்பாவது, ஓட்டி ஓட்டியே தேய்ந்தது. இதில் ஆராய ஒன்றுமில்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

வழக்காவது, துரு வண்டியை விட்டுக் காகிதத்தில் ஏறியது. ஆர்சி புக் இறந்தவர் பெயரில் இருக்கும். படிவம் 31-ஐப் போட்டு ஒரு வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டு, அதன்பின் 29, 30 போட்டு விற்க வேண்டும். வீட்டில் நாலு பங்கு என்றால் காரிலும் நாலு பங்கு. ஒருவர் காரைக்குடியில், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். நாலாமவர் மற்ற மூவரோடு பேச்சுவார்த்தையில் இல்லாதவர். "அண்ணன் கையெழுத்துப் போட்டாத்தான் நான் போடுவேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

இதற்குப் புறனடை ஒன்று உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பதிந்தபின் கண்காட்சிக்கும், பழைய கார் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் ஓட்டலாம். சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகக் கூடாது. திங்கட்கிழமை ஆபீசுக்கு இதில் போக நினைத்தவர் இந்த வழியை விட்டுப் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பனையாவது, விற்பதற்கென்றே செய்த அலங்காரம். நான்கிலும் கொடியது. மேலே தக்காளிச் சிவப்பில் புதுப் பெயிண்ட், உள்ளே ரெக்சின் சீட், அடியில் சேஸ் முழுக்கத் தார் போன்ற கறுப்புப் பூச்சு. அந்தக் கறுப்பைக் கண்டதும் வாங்க வந்தவர் "அடியெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்பார். அடியில் ஏன் பூசினார்கள் என்று கேட்கிறவரே நூலறிந்தவர். கருவி இரண்டு: ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கதவின் கீழ் விளிம்பில் காந்தம் ஒட்டாமல் விழுந்தால் அங்கே இருப்பது தகரமல்ல, பட்டி. சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தும்போது உள்ளே போனால், போனது போனபடியே விட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம். ஹெரால்டுக்குப் பாடி வேறு, சேஸ் வேறு. பேனல்கள் போல்ட்டால் கட்டியவை. அதனால் பேனல் கெட்டால் மாற்றலாம், சேஸ் கெட்டால் கதை முடிந்தது.

துருவைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு மற்ற ஊர்களைவிட அதிக உரிமை உண்டு. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இரும்பு அரிப்பை ஆராய்வதையும் ஒரு வேலையாகக் கொண்டது. இந்தியாவில் எங்கே இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டவர்கள். உப்புக்காற்று வீசும் மண்டபம் பக்கம் நின்ற வண்டியும் கோட்டையூர் வெயிலில் நின்ற வண்டியும் ஒரே வயதென்றாலும் ஒரே விலையல்ல. ஆகவே வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதைவிட, முன்பு எங்கே நின்றது என்பதே கேள்வி. ஐயா திருவான்மியூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் என்றால் காந்தத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்து உறுப்பு. எஞ்சினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு கவலையில்லை. ஒரே ஒரு சோதனை: உள்ளே ஒருவரை உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கணும். கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இதைச் சொன்னால் விற்பவர், "வண்டி ஓடுதுல்ல, அண்ணே?" என்பார். ஓடுவது வேறு.

நான் பயப்படுவது முன்சக்கரத்துக்கு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மறை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் திரும்புகிறது. அங்கே 90 கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கன் கையிலிருக்கிற மெக்கானிக் கிரீஸை அடித்துவிடுவார். அது மறை முழுக்கப் பரவாது, தண்ணீர் தங்கும், தண்டு உள்ளேயே அரிக்கும். ஒருநாள் வளைவில் அது முறிந்து சக்கரம் மடங்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. "இதுக்கு என்ன விடுவீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "கிரீஸ்தான், வேற என்ன" என்றால் இரண்டு பக்கமும் கழற்றி மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

வாங்குவோரும் மூவகையர்: ஓட்ட வாங்குபவர், பார்க்க வாங்குபவர், அடுத்தவன் வாங்கிவிடக் கூடாதே என்று வாங்குபவர். மூன்றாமவருக்கு இந்நூல் பயன்படாது. இரண்டாமவருக்கு ஊரிலேயே முன்மாதிரி உண்டு. யாரும் வேண்டாமென்று தள்ளிய பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர்தான். 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகமாக்கியது. ஆனால் காகிதத்துக்குத் த்ரஸ்ட் வாஷர் கிடையாது.

ஒழிபு. விலை பேசி முடித்தபின் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுவோம்" என்று யாராவது பேட்டரியோடு வருவார்கள். விடாதீர்கள். எண்ணெய் வற்றிய சிலிண்டரில் அந்த ஒரு சுற்று போதும், பிஸ்டன் கோடு போட்டுவிடும். பிளக்குகளைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்தபிறகுதான் பேட்டரி. அதுவரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். டெம்போ வாடகை வாங்குபவர் தலையில்.