ரசப்பரப்பியல்: மண்டி, தெளிவு, நெய், கடுகு பற்றிய முன்னாய்வு

ரசம் என்பது அடுப்பிலிருந்து இறக்கிவைத்த சில நிமிடங்களில் தானாகவே மூன்றாகப் பிரிந்துகொள்ளும் நீர்மம். கீழே மண்டி, நடுவே தெளிவு, மேலே பரப்பு. இம்மூன்றையும் ஒரே கரண்டியால் அள்ள முற்படுவதில்தான் இத்துறையின் கருத்து வேறுபாடுகள் எல்லாம் தொடங்குகின்றன.

பொருளுக்குள் நுழையுமுன் சொல்லாராய்ச்சி செய்வது மரபு. ரசம் என்னும் சொல் பாதரசத்துக்கும் ஆகும், கண்ணாடியின் முதுகில் பூசியதற்கும் ஆகும், கவிதையின் சுவைக்கும் ஆகும். பாதரசத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். அதில் தாளித்துக் கொட்டினால் விளைவு வேறாக இருக்கும். கண்ணாடியில் ரசம் போனால் முகம் தெரியாது. கவிதையில் ரசம் போனால் முனைவர் பட்டம் கிடைக்கும். இனி வரும் இடங்களிலெல்லாம் ரசம் என்றால் சோற்றில் ஊற்றுவது.

மண்டி. பருப்பு, மிளகு, புளிச் சக்கை ஆகியவற்றின் கனத்த துகள்கள் அடியில் சேர்வது மண்டி. 'வண்டல்' என்றும் 'அடி' என்றும் பாடபேதம் உண்டு. சுவையில் பேதம் இல்லை. நீர்மத்தில் இறங்கும் சிறு கோளத்தின் வேகத்தை ஸ்டோக்ஸ் 1851இல் வகுத்துத் தந்தார். அதன்படி வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும்: துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூற்றில் ஒன்று. எனவே அம்மியில் நுணுக்கிய மிளகும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் ஒரே நேரத்தில் அடி சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஸ்டோக்ஸைப் படிக்காதவர்.

கரண்டியால் சுழற்றிவிட்டு நிறுத்தினால் மண்டி பாத்திரத்தின் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவியும். மையவிலக்கு விசையை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது அதிர்ச்சி. அடித்தளத்தில் உராய்வால் சுழற்சி தளர்கிறது. அங்கே வெளிநோக்கித் தள்ளும் போக்கும் தளர்கிறது. மேலிருந்து ஓரமாக இறங்கும் நீர் அடியில் உள்நோக்கி ஓடித் துகளை வாரிக்கொண்டு நடுவுக்கு வருகிறது. தேநீர்க் கோப்பையில் இலைகள் இப்படிக் குவிவதை 1926இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன். ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்று சொல்வதற்காகக் கோப்பையைக் கையில் எடுத்தார். ஆகவே தெளிவு வேண்டுவோர் ஓரத்திலும், மண்டி வேண்டுவோர் நடுவிலும் கரண்டி விட வேண்டும். இம்முடிவு முன்பே எட்டப்பட்டுள்ளது (மாமியார் மரபு, வாய்மொழி).

தெளிவு. தெளிவு தெளிவன்று. அதில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. இத்துடிப்பை ராபர்ட் பிரௌன் 1827இல் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மகரந்தத் தூள் நீரில் குதித்ததை அவர் கண்டதாகப் பாடநூல்கள் பல எழுதுகின்றன. அவர் கண்டது மகரந்தத்துக்குள் இருந்த இன்னும் சிறிய துகள்களை. மகரந்த மணி அப்படிக் குதிக்க முடியாத அளவுக்குப் பெரியது. ஒரு பாடநூலைப் பார்த்து அடுத்ததை எழுதுவதால் மகரந்தம் இன்றுவரை குதித்துக்கொண்டிருக்கிறது. உயிர்ப்பொருள் என்பதால் ஆடுகிறதோ என்று ஐயுற்ற பிரௌன், கற்பொடியையும் சோதித்தார். எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த துணுக்கும் அதில் அடக்கம். அதுவும் ஆடியது.

நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் சமனில்லாமல் உதைப்பதே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைனும் 1906இல் ஸ்மொலுகோவ்ஸ்கியும் கணக்கிட்டுக் காட்டினர். அறை வெப்பநிலைத் தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், ஒரு நொடியில் ஒரு திசையில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் விலகும். பத்து மைக்ரோமீட்டர் விலகப் பத்து நொடி போதாது. நூறு நொடி வேண்டும். குறிக்கோள் இல்லாமல் அலைபவர் போய்ச்சேரும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். ஆய்வேடுகளின் முன்னேற்ற அறிக்கைகளுக்கும் இவ்விதி பொருந்துகிறது.

கணக்கைச் சோதனையால் உறுதிசெய்தவர் ழான் பெரென். நீரில் நுண்மணிகள் முழுவதும் அடியில் படிந்துவிடாமல், காற்று மண்டலம்போல் மேலே போகப்போக அடர்த்தி குறைந்து நிற்பதை எண்ணிக் காட்டினார். 1926இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்கொண்டது காம்போஜ் என்னும் மஞ்சள் பிசின். அது கார்சீனியா இனத்து மரத்தில் வடிவது. குடம்புளியும் கார்சீனியா இனமே. அணுக்கொள்கையை நிலைநாட்டியது புளியின் உறவுக்காரர் என்று இதை வைத்து ஒருவர் கருத்தரங்கக் கட்டுரை வாசிக்கலாம். வாசிப்பார்.

பரப்பு. அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் ரசத்தின் மேற்பரப்பும் அசைகிறது. உள்ளே துகளை உதைக்கும் அதே வெப்பம் பரப்பையும் மேலும் கீழும் உதைக்கிறது. பரப்பு இழுவிசை அதை நீவிவிடுகிறது. இரண்டும் இழுபறி செய்து மிஞ்சும் சுருக்கங்களுக்கு நுண்புழை அலைகள் என்று பெயர். தண்ணீரில் அவற்றின் உயரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு குறைந்த கரடுமுரடும் ஒளியைச் சிறிது சிதறச் செய்யும். ஸ்மொலுகோவ்ஸ்கி 1908இல் தொட்டுச்சென்ற இப்பொருளை 1913இல் மண்டெல்ஷ்டாம் கணக்கில் கொண்டுவந்தார். 1925இல் சி.வி. ராமனும் எல்.ஏ. ராம்தாஸும் நீர்மப் பரப்புகளிலிருந்து சிதறும் ஒளியை ஆராய்ந்து, பரப்பு இழுவிசையோடு அதற்குள்ள தொடர்பை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டனர். இருவரும் ரசம் அறிந்த வீடுகளில் பிறந்தவர்கள். இதை அவ்விதழ் குறிப்பிடவில்லை.

இவ்வலைகளை நேராகக் கண்ணால் பார்க்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்ட்ஸ், ஷ்மிட், லெக்கர்கெர்க்கர் மூவரும் கூழ்மமும் பாலிமரும் கலந்த ஒரு நீர்மத்தை எடுத்தனர். அதில் பிரியும் இரு அடுக்குகளுக்கு இடையே இழுவிசை தண்ணீருடையதைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைவு. நீவிவிட ஆளில்லாததால் சுருக்கங்கள் நுண்ணோக்கிக்கு எட்டும் அளவுக்கு எழுந்தன.

நெய். முதல் துளி பரவ முயலும்; பின்வருவன வட்ட வட்டமாக நிற்கும். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனின் கிளாப்பம் திடல் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு அரை ஏக்கர் அளவுக்கு நீர் அலை அடங்கியதைக் கண்டு, 1774இல் அச்சேற்றினார். விருந்தினர் எண்ணிக்கை கூடும்போது ரசத்தில் நெய்யும் இதே விகிதத்தில் பரவுவது வழக்கம். நெய்த்துளியின் ஓரத்தில் மிளகுப்பொடி ஒட்டிக்கொண்டு விலகாது. நெய்யும் நீரும் சந்திக்கும் எல்லையில் சிக்கிய ஒரு மைக்ரோமீட்டர் துகளைப் பிடுங்கி எடுக்க, வெப்ப உதைப்பின் ஆற்றலைப்போல் பல லட்சம் மடங்கு தேவைப்படலாம். துகள்கள் இப்படி வேலிகட்டிக் காக்கும் குழம்பலுக்குப் பிக்கரிங் குழம்பல் என்று பெயர். 1907இல் எழுதியவர் பிக்கரிங். 1903இலேயே எழுதியவர் ராம்ஸ்டன். பெயர் பிந்தியவருக்கு.

நுரை. கட்டி வரும்போது இறக்கவும்.

பெருங்காயம். மூக்கின் துறை.

கறிவேப்பிலை. தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுவதால் இவ்வாய்விலிருந்தும் ஒதுக்கப்படுகிறது.

கடுகு. இத்துறையின் உயிர்நாடி கடுகு. அது வெடித்தது, வெடிக்காதது, கருகியது என மூவகைப்படும். கருகியது பற்றி வீட்டில் பேசப்படுவதில்லை. வெடிக்காதது பற்களுக்கிடையில் ஆராயப்படும். வெடித்தது மிதக்கிறது, மிதப்பதோடு நில்லாமல் இடம்பெயர்கிறது. இரண்டு கடுகுகள் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் வந்தால் மெல்ல நெருங்கி, திடீரென்று விரைந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர் மூன்றாவது வரும். இதைக் கண்ட ஒரு தரப்பு கடுகுகளுக்கிடையே காந்தம் என்றது (பந்தி மரபு, கடைசி வரிசை). மற்றொரு தரப்பு பாசம் என்றது (பாட்டி மரபு, பேரப்பிள்ளைக்கு ஊட்டும்போது, ஒப்பிடுக: அதே மரபு, வேறு பேரப்பிள்ளை, வேறு விளக்கம்). இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல.

மிதக்கும் பொருள் நீர்ப்பரப்பைக் கீழே அழுத்திப் பள்ளமாக்கும். அல்லது தன்மேல் ஏறவிட்டு மேடாக்கும். எண்ணெய்ப் பூச்சோடு கனத்துக் கிடக்கும் கடுகு முதல் வகை. உள்ளே காற்றடைத்து, நனைந்து, லேசாகிவிட்டது இரண்டாம் வகை. பள்ளம் பள்ளத்தில் சரியும். மேடு மேட்டைத் தேடி ஏறும். பள்ளமும் மேடும் விலகும். நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் பாத்திரத்தின் சுவரில் ரசம் சற்று ஏறி நிற்கும்; ஆகவே மேட்டுக் கடுகு சுவரைப் பிடிக்கும், பள்ளக் கடுகு நடுவில் கூட்டம் கூடும். பாத்திரத்தில் விளிம்புக்கு மேல் தளும்ப ஊற்றினால் ஓரப் பரப்பு கீழ்நோக்கி வளையும். கட்சிகள் இடம் மாறும். இந்த ஈர்ப்பின் எல்லையை நுண்புழை நீளம் வரையறுக்கிறது. தண்ணீருக்கு அது ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். சில மைக்ரோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட துகள்கள் பரப்பை அழுத்தும் கனம் இல்லாதவை. அவற்றுக்குக் கூட்டணி கிடையாது, பிரௌனின் உதை மட்டும் உண்டு.

நிக்கல்சன் 1949இல் கணக்கிட்ட இந்த ஈர்ப்புக்கு வெல்லாவும் மகாதேவனும் 2005இல் சீரியோஸ் விளைவு என்ற பெயரில் விளக்கம் எழுதினர். சீரியோஸ் என்பது அமெரிக்கர் காலையில் பாலில் போடும் தானிய வளையம். கடுகு விளைவு என்று பெயரிட வேண்டும் என்ற கோரிக்கை பந்தியில் எழுப்பப்பட்டு, மோர் வந்ததால் கைவிடப்பட்டது (மாமியார் மரபு, ஞாயிறு மதியம், இரண்டாம் கரண்டிக்கும் மூன்றாம் கரண்டிக்கும் இடையில், மறுப்பு: மருமகள் மரபு, முணுமுணுப்பு வடிவம், அச்சேறாதது, சமரசம்: மாமனார் மரபு, ஏப்பம், ஒரே பிரதி).

கழுவு தொட்டி. பாத்திரம் காலியானபின் நெய்ப்பசை படர்ந்த நீர் மிஞ்சும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் தம் வீட்டு அடுக்களையில் இத்தகைய நீரைக் கவனித்து, தகரத் தொட்டியும் தராசும் கொண்டு பரப்பு இழுவிசையை அளந்தார். பல்கலைக்கழகமோ ஆய்வகமோ அவருக்கு வாய்க்கவில்லை. முடிவுகளை ராலே பிரபுவுக்கு எழுதினார். அவர் அதை நேச்சர் இதழுக்கு அனுப்ப, 1891இல் வெளிவந்தது. அதே போக்கிலான தொட்டியைச் செப்பம் செய்து பயன்படுத்திய லாங்மியூருக்குப் பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. பாத்திரம் கழுவியவர் ஆக்னஸ்.