‘ஏதோ கெடக்கு’: மம்சாபுரம் வட்டாரப் பேரளவைகள் குறித்து ஓர் ஆய்வு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே மலையைப் பார்த்தபடி இருக்கிறது மம்சாபுரம். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த உயர்வு நவிற்சி அணிக்கு இந்தப் பேரூராட்சி எல்லைக்குள் பிழைப்பு இல்லை. எவ்வளவு பெரிய சங்கதியையும் சின்னச் சொல்லுக்குள் மடக்கி, மடியில் செருகிக்கொள்வது இவ்வூர் வழக்கம்.

மூலச்சான்று, ஒரு மாந்தோப்பு. வாசலில் லாரி. பெட்டி பெட்டியாகச் சப்பட்டை மாங்காய் ஏறுகிறது.

“என்ன அண்ணாச்சி, இந்த வருசம் காய்ப்பு எப்படி?”

“என்னத்தக் காய்ப்பு... ஏதோ கெடக்கு.”

லாரி உறுமிக்கொண்டு கிளம்புகிறது. அடுத்த லாரி உள்ளே வர அண்ணாச்சி ஒதுங்கி வழிவிடுகிறார். முகத்தில் சலனமில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி: சொல் சுருங்கச் சுருங்கப் பொருள் பெருகும். ‘ஏதோ கெடக்கு’ என்றால் அமோகம். பால்கோவாவை வாயில் போட்டு ‘பரவால்ல’ என்றால் இன்னும் ஒரு கிலோ கட்டச் சொல்கிறார் என்று பொருள். பதினோரு நிலையும் 192 அடியுமாக நிற்கும் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தை வெளியூர் விருந்தாளி அண்ணாந்து பார்த்து வாய்பிளந்தால், கூட வந்தவர் ‘கொஞ்சம் உசரம்தான்’ என்று ஒப்புக்கொள்வார்.

இந்த அளவைகளில் இரண்டு பாரசீகத்துச் சரக்கு. ‘சுமார்’ அங்கிருந்து கிளம்பும்போது எண்ணிக்கை என்று பொருள். நம் பக்கம் வந்து சேர்வதற்குள் எண்ணாமல் விட்டதற்குப் பெயராகிவிட்டது. 2013-இல் விஜய் சேதுபதியைச் ‘சுமார் மூஞ்சி குமாரு’ ஆக்கி சினிமாக்காரர்கள் அதை இன்னும் கீழே இறக்கினார்கள். ‘பரவா’ என்றால் அங்கே கவலை. நாம் ஓர் ‘இல்லை’யை ஒட்டவைத்து அதைப் பாராட்டுப் பத்திரமாக மாற்றிவிட்டோம்.

காரணத்தைத் தன்னடக்கம் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ‘காய்ப்பு அமோகம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் பொழுது சாய்வதற்குள் இரண்டு காரியம் நடக்கும். தோப்புக்குக் கண் படும். கைமாத்துக் கேட்டு மச்சினன் வருவான். முதலாவதற்குத் திருஷ்டிப் பூசணி இருக்கிறது. இரண்டாவதற்கு இந்தச் சொல்லை விட்டால் வேறு காப்பு இல்லை.

வெள்ளைக்காரனும் இந்த வித்தையில் தேர்ந்தவன். 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடியின் படையைச் சீனர்கள் வளைத்துக்கொண்டார்கள். நிலைமை என்ன என்று மேலிடம் விசாரித்தபோது, ‘கொஞ்சம் பிசுபிசுப்புதான்’ என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். கேட்டவர் அமெரிக்கர். சமாளித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். பிரோடியின் குளோஸ்டர் படைப்பிரிவில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள். கேட்டவர் மட்டும் மம்சாபுரத்துக்காரராக இருந்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்.

எனவே, சொல்பவரைவிடக் கேட்பவர் எந்த ஊர் என்பதே முக்கியம். இந்தப் பக்கத்துப் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, “லேசா நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கு” என்றால், வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரைச் சீட்டை எடுப்பார். உள்ளூர் நர்ஸம்மாவோ அதற்குள் ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். ‘லேசா’ என்பதை மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வின் பணிவான பரிந்துரை.

விதியின் மறுபக்கத்தையும் கல்யாணப் பந்தியில் சோதித்துப் பார்க்கலாம். கை கழுவிவிட்டு வருகிறவர்கள் வரிசையாக, “சாப்பாடு பரவால்ல” என்று சொல்லிக்கொண்டு போக, பெண்ணின் தகப்பனார் பூரித்து நிற்பார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா, “சாப்பாடு ரொம்பப் பிரமாதம்” என்று சொல்லட்டும். தகப்பனாருக்கு முகம் வெளுத்துவிடும். “சாம்பார்ல என்னய்யா போட்டீங்க?” என்று சமையல்கட்டைப் பார்த்து ஓடுவார்.