நீலப் பெட்டிக்காரர்

லண்டனில் ஏர்ல்ஸ் கோர்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே நீல நிறத்தில் ஒரு போலீஸ் பெட்டி நிற்கிறது. கைபேசி இல்லாத காலத்தில், ஆபத்து என்றால் போலீஸைக் கூப்பிடத் தெருவோரங்களில் வைத்திருந்த பெட்டிகளின் சாயலில் 1990-களில் வைத்தது. காலை நேரத்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் மட்டும் நிற்பார். வயது 58. வழுக்கை. தோளில் அலுவலகப் பை. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், கதவை லேசாக ஒரு தள்ளு தள்ளுவார். திறக்காது. திறக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் திறந்து தொலைத்துவிட்டால், அன்றைக்குத் தள்ளாமல் போன பாவம் யாரைச் சேரும்?

இவர்தான் 'டாக்டர் ஹூ' ரசிகர்.

பிபிசியின் இந்த அறிவியல் புனைகதைத் தொடர் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பமானது. முந்தின நாள்தான் அமெரிக்காவில் அதிபர் கென்னடியைச் சுட்டிருந்தார்கள். உலகமே அந்தச் செய்தியில் இருந்ததால், அடுத்த சனிக்கிழமை முதல் எபிசோடை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைனுக்கு 24, லக்னோவில் பிறந்தவர். இதையெல்லாம் நான் எங்கும் தேடிப் படிக்கவில்லை. இவரிடம் மணி என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான்.

இவரோடு பழக விரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கதாநாயகனை 'டாக்டர் ஹூ' என்று சொல்லிவிடக் கூடாது. "அது தொடரின் பெயர். அவர் பெயர் டாக்டர். வெறும் டாக்டர்" என்பார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. காலத்துக்குள் புகுந்து புறப்படும் வேற்றுக்கிரகவாசி. போலீஸ் பெட்டிதான் வாகனம். வெளியே இருந்து பார்த்தால் இருவர் நிற்கலாம். உள்ளே போனால் ஓர் ஊரே குடியிருக்கலாம். இவ்வளவும் விளக்கி முடித்த பிறகு நீங்கள் மெதுவாக, "1981 வரைக்கும் நடிகர் பட்டியலில் 'டாக்டர் ஹூ' என்றுதானே போட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்ற தாயின் வயதைச் சபையில் கேட்டதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு உங்களுக்குத் தேநீர் வராது.

அடுத்து, எத்தனை டாக்டர்கள் என்ற கேள்வி. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு 1966-ல் உடம்பு முடியாமல் போயிற்று. மற்ற தொடராக இருந்தால் மூடுவிழா நடத்தியிருப்பார்கள். இவர்களோ கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தையை ஏவிவிட்டார்கள். டாக்டர் சாகமாட்டார், வேறு முகத்தோடு எழுந்திருப்பார் என்று சொல்லி பேட்ரிக் ட்ரௌட்டனை உட்கார வைத்தார்கள். அன்று தொடங்கியது கணக்கு.

"பதினைந்து" என்று இவர் ஆரம்பிப்பார். நீங்கள் தலையாட்டுவதற்குள் "ஆனால்" வரும். 2013-ல் ஜான் ஹர்ட் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் செருகப்பட்டார்; அவருக்கு எண் கிடையாது. பத்தாவதான டேவிட் டென்னன்ட், 2022-ல் பதினான்காவதாகவும் வந்து நின்றார். 2020-ல் வந்த ஜோ மார்ட்டின் எந்த வரிசையில் நிற்கிறார் என்று யாருமே சொல்லவில்லை. 2025 மே கடைசியில் பதினைந்தாமவரான ஷூட்டி கட்வா உருமாறியபோது தெரிந்தது பில்லி பைபரின் முகம். இருபது வருஷம் முன்னால் இதே தொடரில் டாக்டருக்குத் துணையாக வந்தவர். பெயர் போட்டபோது 'அறிமுகம்' என்று போட்டார்களே தவிர, டாக்டர் என்று போடவில்லை. அன்று ராத்திரி இவர் தூங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் '16' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.

கணக்கு எப்படி இருந்தாலும் 'என் டாக்டர்' என்று ஒருவர் உண்டு. எட்டு வயதில் யாரைப் பார்த்தாரோ அவரே. நம்மவருக்கு டாம் பேக்கர்; 1974 முதல் 1981 வரை. தரையில் புரளும் வண்ணக் கம்பளிக் கழுத்துத்துணி அவருடைய அடையாளம். பின்னுவதற்காகக் கொடுத்த நூல் அத்தனையையும் பிகோனியா போப் என்ற அம்மாள் பின்னித் தீர்த்துவிட்டதால்தான் அந்த நீளம். அதேபோல் ஒன்று நம்மவர் பீரோவிலும் இருக்கிறது. எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கல்யாண நாள் எது என்று மட்டும் கேட்கக் கூடாது.

நீலப் பெட்டி கிளம்பும்போது ஓர் ஓலம் கேட்கும். ஒலிக்கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் பழைய பியானோவின் கம்பிகளை வீட்டுச் சாவியால் சுரண்டி உண்டாக்கிய ஓசை அது. நம்மவரும் வீட்டுப் பியானோவில் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். பியானோ மனைவியின் பிறந்த வீட்டுச் சீர். அதன்பின் வீட்டில் நிலவிய மௌனத்தை எந்த ஒலிக்கலைஞராலும் உண்டாக்க முடியாது.

இவருக்குத் தீராத துக்கம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம். பழைய எபிசோடை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, பிபிசி அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. அப்படிப் போனதில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட 1960-களின் எபிசோடுகள் இன்னும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்கு விற்ற பிரதிகள் எங்காவது பரணில் கிடக்காதா என்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள். நைஜீரியாவில் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்திலிருந்து ஒன்பது எபிசோடுகள் கிடைத்த செய்தி 2013-ல் வந்தது. காணாமல் போன பிள்ளை ஊர் திரும்பியதுபோல் நம்மவர் அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டார்.

ஆனால் ஒன்று. படம் போனாலும் சத்தம் போகவில்லை. அறுபதுகளில் சில பையன்கள் டேப் ரிக்கார்டரின் மைக்கை டிவிக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இருமாதே, கதவைச் சாத்தாதே என்று வீட்டாரை அடக்கிவைத்துப் பதிவு செய்தார்கள். தொலைந்த ஒவ்வொரு எபிசோடின் ஒலியும் இன்று இருப்பது அந்தப் பையன்களால்தான். பைத்தியம் என்று அன்றைக்குத் தலையில் குட்டியிருப்பார்கள். நிறுவனம் அழித்ததைப் பைத்தியங்கள் காப்பாற்றியிருக்கின்றன.

1989-ல் தொடர் நின்றது. நடுவில் 1996-ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம். மற்றபடி 2005 வரை வறட்சி. தொடரைத் திருப்பிக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் சின்ன வயசிலிருந்தே ரசிகர். பன்னிரண்டாம் டாக்டரான பீட்டர் கபால்டி, பள்ளிப் பருவத்திலேயே 'ரேடியோ டைம்ஸ்' இதழுக்குத் தொடரைப் புகழ்ந்து கடிதம் எழுதியவர். டென்னன்ட் ஒரு படி மேலே போய், ஐந்தாம் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசனின் மகளைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணோ 2008-ல் டாக்டரின் மகளாகவே நடித்தவர். ஆக மாமனார் ஐந்தாம் டாக்டர், மாப்பிள்ளை பத்தாம் டாக்டர். ஐநூறு வருஷம் கழித்து ஒரு கல்வெட்டு ஆய்வாளர் இந்தக் குடும்பத்துக்கு வம்சாவளி எழுதட்டும், பார்க்கலாம்.

இவ்வளவு பக்தி உள்ளவர் புதுக் கதைகளை ரசித்துப் பார்ப்பார் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். 1981-ல் டாம் பேக்கர் போனபோது "இத்தோடு முடிந்தது" என்றார். 2017-ல் ஜோடி விட்டேக்கரைப் பெண் டாக்டராக அறிவித்தபோதும் அதையே சொன்னார். இசை மாறினாலும், பெட்டியின் நீலம் கொஞ்சம் வெளிறினாலும் அதே வாக்கியம்தான். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி. ஆறு வயதில் டாலெக் என்ற இரும்பு அரக்கர்களைக் கண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார். இப்போதும் ஒளிகிறார், இந்த வாரம் கதையாசிரியர் என்ன செய்யப்போகிறாரோ என்று பயந்து.

மாறிக்கொண்டே இருப்பதனால்தான் டாக்டர் பிழைத்திருக்கிறார். எதுவும் மாறக் கூடாது என்று அடம்பிடிக்கிறவர்களே அவரைக் காப்பாற்றியும் வருகிறார்கள்.

போன மாதம் இவர் தன் ஆறு வயதுப் பேத்தியை ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். கட்வாதான் அவளுடைய டாக்டர். டாம் பேக்கர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்தக் குறையை வழியெல்லாம் நிவர்த்தி செய்துகொண்டே வந்தார். பெட்டியைக் கண்டதும் அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். சுற்றுமுற்றும் எல்லாம் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பலமாகத் தள்ளினாள். திறக்கவில்லை.

"பூட்டியிருக்கு தாத்தா" என்றாள்.

சமாதானம் சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள், அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்படின்னா உள்ளே ஆள் இருக்கு."

எதைச் சொன்னாலும் திருத்துகிறவர், இதற்கு மட்டும் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.